லாமிங்டன் சாலையும் ஓர் அறுகாலும்

ஊரிலிருந்து உறவினர் மும்பைக்கு வந்தால் அவர்களை அழைத்துச் சென்று காட்டுவதற்கென்று நம் வீடுகளில் ஒரு வரிசை ஏற்பட்டிருக்கிறது. காலையில் மகாலட்சுமி ஆலயம். பிற்பகலில் இந்தியாவின் நுழைவாயில். நேரமிருந்தால் படகேறி எலிபண்டா. மாலையில் மெரின் டிரைவ். திரும்பும் வழியில் மாதுங்காவில் இறங்கி ஒரு காப்பி. இவ்வரிசையில் லாமிங்டன் சாலையைச் சேர்த்தவர் எவரையும் நாங்கள் கண்டதில்லை. அங்கே கோபுரமும் இல்லை, கடலும் இல்லை. நின்று இளைப்பாற நிழலும் அரிது. எனினும் சில சனிக்கிழமைகள் தொடர்ந்து அச்சாலைக்குச் சென்று வந்தபின், இந்நகரம் எவ்வாறு பிழைக்கிறது என்பதை ஒருவருக்குக் காட்ட வேண்டுமாயின் முதலில் அங்கேதான் அழைத்துச் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் எங்களுக்கு உண்டாகியிருக்கிறது.

சென்ற காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் வசிக்கின்றனர். அவ்வீட்டுப் பெரியவர் மாதுங்கா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பேத்தி பதினோராம் வகுப்பில் படிக்கிறாள். மாலை வேளைகளில் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து அவள் சேர்த்து வைத்திருந்த பணம் ஐயாயிரம் ரூபாய். அந்தப் பணத்தைக் கொண்டு ஆறு கால்களால் நடக்கும் ஓர் இயந்திரப் பூச்சியைத் தானே செய்வது என்று அவள் தீர்மானித்தாள். வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. கல்லூரிச் செலவுக்கு ஆகும் பணத்தைப் பொம்மைக்குச் செலவிடுவதா என்று தாய் கேட்டார். தாத்தாவோ வாய் திறக்கவில்லை. ஓய்வு பெற்ற நாள்முதல் அவர் அரத்தையும் வைஸையும் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டவர். கடைசியில், பெரியவர்கள் யாரேனும் துணைக்குப் போனால் போய் வரலாம் என்று முடிவாயிற்று. அவ்வாறு துணையாகச் சேர்ந்தவர்கள் அண்டை வீட்டாராகிய நாங்கள் இருவர். தாத்தாவும், கால் நடையாக உலவி வந்தாற்போல் ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாதுங்கா ரோடு நிலையத்தில் சர்ச்கேட் செல்லும் மெதுவண்டியில் ஏறினால் ஆறாவது நிலையம் கிராண்ட் ரோடு. தாதர், பின்பு 2018 வரை எல்பின்ஸ்டன் ரோடு எனப்பட்ட பிரபாதேவி, அதன்பின் லோயர் பரேல். அவ்விடத்தில் வண்டி நிற்கும்போது பெரியவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 1982 ஜனவரியில் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்பு இப்பகுதியில் காலைச் சங்கு ஊதும்போது தெரு முழுதும் ஆள் நடக்கும் என்று மட்டும் சொன்னார். இன்று ஆலைகள் நின்ற இடங்களில் கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. இங்குமங்கும் ஒரு புகைபோக்கி எஞ்சியிருக்கிறது. மகாலட்சுமி, மும்பை சென்ட்ரல் கடந்து கிராண்ட் ரோட்டில் இறங்கிக் கிழக்குப் பக்கமாக வெளியே வந்தால் சில நிமிட நடையில் லாமிங்டன் சாலை.

1903 முதல் 1907 வரை பம்பாய் மாகாணத்தின் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கியது அச்சாலை. இப்போது அதற்கு டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்பது முறையான பெயர். தபால் உறையின்மேல் அப்பெயரை எழுதுகின்றனர். வாயால் சொல்வோர் யாவரும் லாமிங்டன் என்றே சொல்கின்றனர். 1975-இல் வெளிவந்த 'ஷோலே' திரைப்படம் ஐந்தாண்டுகளுக்கு மேல் ஓடிய மினர்வா அரங்கம் இச்சாலையில்தான் இருந்தது. பழைய தலைமுறையினர் அப்படத்திற்காக இங்கே வந்திருப்பார்கள். இளைய தலைமுறையினர் கணினிக்காக வருகிறார்கள். வானொலிப் பெட்டி அரிதாயிருந்த நாளில் அதற்கு வால்வு தேடி வந்தனர். அதன்பின் தொலைக்காட்சி, அதன்பின் கணினி, இன்று கைப்பேசி. பெட்டிகள் மாறுகின்றனவே தவிர, பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதைத் தேடும் மனிதர் மாறவில்லை.

கடைகளைக் கண்டபோது எங்களுக்கு நினைவு வந்தது நம் ஊர் நாட்டு மருந்துக் கடை. சுவர் முழுதும் சிறு சிறு இழுப்பறைகள். ஒவ்வொன்றின்மேலும் ஓர் எண். வாடிக்கையாளர் ஒரு சீட்டை நீட்டுகிறார். கடைக்காரர் அதைக் கண்ணோட்டம் விட்டு, ஏணியில் ஒரு கால், இழுப்பறையில் ஒரு கை என்று, சுக்கு மிளகு திப்பிலி எடுப்பதைப்போல எடுத்துப் பொட்டலம் கட்டுகிறார். பத்துக் காசும் பெறாதது போல் தோன்றும் ஒரு மின்தடை. அதை நூறாக எண்ணாமல் நாடாவில் அளந்தே கொடுத்துவிடுகிறார். சில கடைகள் ஒருவர் நின்றால் மற்றவர் நிற்க இயலாத அளவினவே. ஆயினும் அங்கே கல்லூரி மாணவரும், மருத்துவமனைக் கருவியைப் பழுதுபார்ப்பவரும், கோயில் விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுபவரும் தோளோடு தோள் உரசி நிற்கின்றனர். குஜராத்தியும் இந்தியும் மராத்தியும் ஒரே வாக்கியத்துக்குள் புகுந்து புறப்படுகின்றன.

பேத்தி சீட்டை நீட்டினாள். கடைக்காரர் நடுத்தர வயதினர். மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்தார். "பதினெட்டு சர்வோவா? எதற்கு?" என்று கேட்டார். ஆறு கால், காலுக்கு மூன்று மூட்டு என்று அவள் விளக்கினாள்.

இங்கே வாசகர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, ஏன் ஆறு கால் என்பது. நம் பழம்புலவர்கள் வண்டுக்கு அறுகால் என்றொரு பெயர் வைத்திருக்கிறார்கள். பூச்சி இனம் முழுவதற்குமே கால் ஆறுதான். அவை எவ்வாறு நடக்கின்றன என்பதை அறியக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. இரவில் மும்பை வீட்டுச் சமையலறையில் திடுமென விளக்கைப் போட்டால் போதும். ஓடுகின்ற கரப்பான் பூச்சி இடப்பக்கத்து முன்னங்காலையும் பின்னங்காலையும் வலப்பக்கத்து நடுக்காலையும் ஒருசேர ஊன்றுகிறது. அதே கணத்தில் மற்ற மூன்றையும் தூக்கி முன்னே வைக்கிறது. அடுத்த கணத்தில் ஊன்றியவை எழுகின்றன, எழுந்தவை ஊன்றுகின்றன. அதாவது எப்போதும் ஒரு முக்காலி தரையில் நிற்கிறது, மற்றொரு முக்காலி காற்றில் செல்கிறது. நாற்காலி மேடுபள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது. நான்கு கால் மிருகம் விரைந்து நடக்க உடலின் சமநிலையை ஓயாமல் கவனிக்க வேண்டும். ஆறு கால் உள்ளது எந்தக் கணத்தில் நிறுத்தினாலும் விழாமல் நிற்கும். இதனால்தான் நடக்கும் பொறி செய்யப் புகுந்தவர்கள் பூச்சியை ஆசானாகக் கொண்டனர். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மக்கீ என்பவர் 1977-இல் கணினி ஆட்டுவிக்கும் அறுகால் ஒன்றை நடக்க வைத்தார். மாசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராட்னி புரூக்ஸ் என்பவர் சுமார் ஒரு கிலோ எடையில், பன்னிரண்டு மோட்டார்களோடு, 'கெங்கிஸ்' என்னும் பூச்சியைச் செய்து 1989-இல் அதைப் பற்றி எழுதினார். அன்று ஆராய்ச்சிச் சாலைக்கே உரியதாயிருந்த அந்த வேலையை இன்று ஒரு பள்ளி மாணவி சமையலறை மேசைமேல் தொடங்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் இழுப்பறையில் கிடக்கும் அச்சிறு மோட்டாரின் விலைதான். நாங்கள் சென்ற அன்று ஒன்று 120 ரூபாய்.

இரண்டாவது செய்தி அந்த மோட்டாரைப் பற்றியது. சாதாரண மோட்டார் மின்சாரம் உள்ளவரை சுழன்றுகொண்டே இருக்கும். சர்வோ என்பது சொன்ன கோணம்வரை திரும்பி, அங்கேயே பிடிவாதமாக நிற்பது. நொடிக்கு ஐம்பது முறை அதற்கு ஒரு மின்துடிப்பு அனுப்பப்படுகிறது. துடிப்பு 1.5 மில்லிநொடி நீடித்தால் நடுவில் நிற்கும். ஒரு மில்லிநொடியாகக் குறைந்தால் ஒரு பக்கமும், இரண்டாக நீண்டால் மறுபக்கமும் திரும்பும். அவள் கேட்டது எஸ்.ஜி.90 என்னும் வகை. எடை 9 கிராம். உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் நைலானால் ஆனவை.

கடைக்காரர் மோட்டாரை எடுக்கவில்லை. "லோடு எவ்வளவு, பேட்டா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி எங்கள் மனத்தில் நெடுநாள் நின்றது. அதே மோட்டாரை வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் வாங்கலாம். இரண்டு நாளில் வாயிலுக்கு வந்து சேரும். விலையும் சில சமயம் குறைவு. இச்சாலையின் வியாபாரம் அதனால் மெலிந்திருப்பதைக் கடைக்காரர்களே சொல்கின்றனர். ஆனால் வாயிலுக்கு வரும் அட்டைப் பெட்டி லோடு எவ்வளவு என்று கேட்பதில்லை.

பேத்தி கணக்கை எழுதிக் காட்டினாள். மோட்டார்கள் 162 கிராம். பாட்டரிகள் இரண்டு, தொண்ணூறு கிராமுக்குச் சற்று மேல். அக்ரிலிக் தகடு, மின்பலகைகள், திருகாணிகள் எல்லாம் சேர்த்து மொத்தம் அரைக் கிலோ. நடக்கும்போது ஊன்றி நிற்பவை மூன்று கால்; காலுக்கு 167 கிராம். தொடை மூட்டிலிருந்து பாதம்வரை பக்கவாட்டுத் தூரம் 7 சென்டிமீட்டர். ஆகவே மூட்டின்மேல் விழும் முறுக்கு 1.2 கிலோ-சென்டிமீட்டர் அளவு. மோட்டாரின் வலு 1.8 என்று அதன் விவரத் தாளில் அச்சிட்டிருக்கிறது. கடைக்காரர் சிரித்தார். "அச்சிட்டது திணறி நிற்கும்போது உள்ள வலு. வேலைக்கு அதில் பாதியை நம்பு" என்றார். அதற்குமேல் அவர் செய்த ஒரு காரியம் குறிப்பிடத்தக்கது. பதினாறு மோட்டார்களை ஆட்டும் சிறு பலகை ஒன்று உண்டு. பதினெட்டு மோட்டாருக்கு அவள் இரண்டு பலகை எழுதியிருந்தாள். ஒன்றை அடித்துவிட்டு, மிச்சம் இரண்டு மோட்டாரையும் ஆர்டுயினோ என்னும் மூளைப் பலகையின் முனைகளிலேயே நேராக இணைத்துக்கொள்ளலாம் என்றார். தம் கல்லாவுக்கு வர வேண்டியதை அவரே குறைத்துக்கொண்டார். பெரியவர் அப்போதுதான் அவரைத் தலை நிமிர்ந்து பார்த்தார்.

அக்ரிலிக் தகட்டை வெட்டும் வேலை, பெயர்ப்பலகை செய்யும் ஒருவரிடம் பக்கத்துச் சந்தில் முடிந்தது. மூன்று மில்லிமீட்டர் தகட்டை லேசர் ஒளி வெண்ணெய்போல அறுத்துச் செல்வதைக் காண ஒரு கூட்டமே நின்றது.

அடுத்த வாரம் முழுதும் அவ்வீட்டுக் கூடத்தில் திருகாணிகள் உருண்டன. ஆச்சி ஒரு நாள் மாலை அருகில் உட்கார்ந்து, இது என்ன, அது என்ன என்று கேட்டார். பேத்தி ஆங்கிலத்தில் இருந்த உறுப்புப் பெயர்களைச் சொல்லி விழித்தாள். ஆச்சி தம் காலையே தொட்டுக் காட்டி, "இது இடுப்புப் பூட்டு, இது தொடை, இது முழங்கால், இது கணைக்கால், இதுக்கு வேற பேரு எதுக்கு?" என்றார். மறுநாள்முதல் கணினி நிரலிலேயே 'இடுப்பு', 'தொடை', 'கணை' என்னும் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டன. பின்னர் அந்நிரலைப் பார்க்க வந்த மராத்திய நண்பன் ஒருவன் அப்பெயர்களையே கற்றுக்கொண்டு போனான்.

எல்லாம் பூட்டி முடித்து மின்சாரம் கொடுத்த இரவு, அறுகால் எழுந்து நின்றது. ஆறு காலிலும் நின்றபோது குறையில்லை. நடக்கச் சொன்ன மாத்திரத்தில் ஒரு பக்கமாகச் சரிந்து வயிறு தரையில் பட விழுந்தது. மூளைப் பலகையும் மயங்கி, நிரலை முதலிலிருந்து தொடங்கியது. மீண்டும் எழுந்தது, மீண்டும் விழுந்தது. ஒரு மோட்டார் கை வைக்கக் கூடாத சூடேறியது. ஐயாயிரத்தில் அப்போது மிஞ்சியிருந்தது தொள்ளாயிரம் ரூபாய். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் அவளுக்குச் சொல்லைவிடக் கடுமையாயிருந்திருக்கும். அவள் பொறியை ஒரு காலணிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டாள்.

மூன்றாம் நாள் அப்பெட்டியைத் திறந்தவர் தாத்தா. ஒரு காலை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தார். "ஆட்டம் இருக்கு" என்றார். பட்டறை வழக்கில் ஆட்டம் என்பது, இறுக்கமாயிருக்க வேண்டிய அச்சும் துளையும் தம்முள் கொள்ளும் தளர்ச்சி. சர்வோவின் அச்சு ஒரு பக்கம்தான் காலைப் பிடித்திருக்கிறது. மறுபக்கம் அந்தரத்தில் நிற்கிறது. ஒரு முனையில் மட்டும் தாங்கிய தண்டு வளையாமல் என்ன செய்யும் என்று அவர் கேட்டார். ஏற்றச்சாலுக்கும் இரண்டு பக்கத் தூண் உண்டே என்றார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் முடிச்சை அவிழ்த்தது. "மூணு கால்ல நிக்குதுன்னு சொன்னே. ஒரு பக்கம் ரெண்டு, மறுபக்கம் ஒண்ணு. அப்போ பாரம் மூணா எப்படிப் பிரியும், தாயி?"

உண்மை அதுவே. இடையில் உள்ள பாரத்தைப் பக்கத்துக்குப் பாதியாகத்தான் தாங்க முடியும். இரண்டு கால் ஊன்றிய பக்கத்தில் காலுக்கு 125 கிராம். தனியாக நிற்கும் நடுக்காலின்மேல் 250 கிராம் முழுமையாக. 7 சென்டிமீட்டர் தூரத்தில் அது 1.75 கிலோ-சென்டிமீட்டர். மோட்டார் திணறி நிற்கும் எல்லையே 1.8. விழாமல் இருந்தால்தான் வியப்பு. கடையில் போட்ட கணக்கில் இது தெரியவில்லை; காட்டு வழியில் பார வண்டி ஓட்டியவர்களின் பேரனுக்கு விரலில் தெரிந்தது.

பெரியவர் பரணில் ஏறித் துணி மூட்டையை இறக்கினார்.

இரண்டாம் முறை சாலைக்குச் சென்றபோது சீட்டை எழுதியவர் இருவர். கால்களை உள்வாங்கிப் பாதத் தூரத்தை 5 சென்டிமீட்டராகக் குறைப்பது என்று முடிவாயிற்று. அவ்வாறு குறைத்தாலும் நடுக்காலுக்கு 1.25 வரும் என்பதால், அவ்விரண்டு தொடைகளுக்கும் உலோகப் பல்சக்கரம் உள்ள மோட்டார் வேண்டும் என்றார் கடைக்காரர். அதன் எடை 13 கிராமுக்குச் சற்று மேல், விலையும் கூடுதல். அன்று அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதை வாங்கி வலப்பக்கத்துக்கு வைத்துக்கொண்டோம். 3 மில்லிமீட்டர் துளையும் 10 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் உள்ள சிறு பேரிங்குகள் ஆறு வாங்கினோம். தொடை மூட்டின் மறுபக்கத்தைத் தாங்க அவை. மயக்கத்துக்கு மருந்தும் கிடைத்தது. திணறும்போது ஒரு மோட்டார் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பதினெட்டும் ஒருங்கே இழுத்தால் ஒன்பது ஆம்பியரைத் தாண்டும். ஒரே குழாயிலிருந்து தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நீர் விட்டால் சமையலறைக் குழாய் வற்றுவதைப்போல, மூளைப் பலகைக்கு மின்னழுத்தம் குறைந்து போகிறது. ஆகவே மோட்டார்களுக்குப் பாட்டரியிலிருந்து தனி வழி, மூளைக்குத் தனி வழி; இரண்டின் கிரவுண்டு கம்பி மட்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். பாதங்களுக்கு வேண்டிய ரப்பரை யாரும் விற்கவில்லை. சைக்கிள் கடையில் பழைய ட்யூப் துண்டு ஒன்றை இலவசமாகவே கொடுத்தார்கள். மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டிருந்த கால் அதன்பின் பற்றி நின்றது.

இவ்வளவும் பூட்டியபின் அறுகால் கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர்வரை நடந்தது. ஆச்சி அதற்குத் திருஷ்டி கழித்தார் என்றால் மிகையென்று எண்ண வேண்டாம். மிளகாய் சுற்றிப் போட்டதை நாங்களே கண்டோம்.

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் சிறுவர் கைவேலைக் காட்சியில் அதை வைப்பதாகப் பெயர் கொடுத்திருந்தாள். விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய இரவு பத்து மணிக்கு, ஒத்திகையின்போது, இடப்பக்கத்து நடுக்கால் கறகறவென்று ஒலித்து ஓய்ந்தது. எந்தக் காலுக்கு உலோக மோட்டார் கிடைக்கவில்லையோ அந்தக் கால்தான். நைலான் பல் உடைந்துவிட்டது. லாமிங்டன் சாலையில் ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். உடைந்த மோட்டாருக்கு மாற்று வீட்டில் இல்லை. வேறொரு மூட்டிலிருந்து கழற்றிப் போட்டால் அந்த மூட்டு ஊனமாகும்.

பேத்தி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பின்பு, கால் ஒடிந்த கரப்பான் என்ன செய்யும் என்று கேட்டாள். கேள்வி எங்களை நோக்கியதன்று. பூச்சி ஒரு காலை இழந்தால் மிச்சமுள்ள கால்களின் முறையை மாற்றிக்கொண்டு நடக்கிறது. முக்காலி நடை இனி இயலாது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு காலைத் தூக்கி, மற்ற நான்கையும் ஊன்றி நிற்கலாம். வேகம் குறையும். நடை நிற்காது. அவள் கணினியைத் திறந்து நிரலை மாற்ற உட்கார்ந்தாள். நடுக்காலை மடித்துத் தூக்கி வைத்தாயிற்று. ஐந்து கால்களுக்கும் முறை வைத்தாயிற்று. நள்ளிரவு கடந்து சோதித்தபோது, இடப்பக்கத்து முன்காலைத் தூக்கினால் தள்ளாடியது. பின்காலைத் தூக்கினாலும் அவ்வாறே. நொண்டிப் பக்கத்தில் ஒரே கால் ஊன்றி நிற்கும் அந்தக் கணங்களில், உடலின் பாரம் மிகச் சரியாக விளிம்பின்மேல் நிற்கிறது.

"வண்டில பாரத்த மாத்திக் கட்டு" என்றார் தாத்தா. முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் மிகுந்தால் மேக்கால் தூக்கும்; மூட்டையை நகர்த்திக் கட்டுவதே வண்டிக்காரனின் வித்தை. வயிற்றின் நடுவே இருந்த பாட்டரிகளை அவிழ்த்து வலப்பக்கமாக நான்கு சென்டிமீட்டர் தள்ளிக் கட்டினாள். மொத்தப் பாரத்தின் மையம் முக்கால் சென்டிமீட்டர் அளவுக்கு வலப்பக்கம் நகர்ந்தது. அந்த முக்கால் சென்டிமீட்டர் போதுமானதாயிற்று.

விழாவுக்கு வந்திருந்த அன்பர்கள் மேசையின்மேல் அதைக் கண்டிருப்பார்கள். ஒரு காலை மார்போடு மடக்கிக்கொண்டு, ஐந்து காலால், ஒவ்வொன்றாய் எடுத்து வைத்து, மேசையின் நீளத்தைக் கடக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. பக்கத்து மேசையில் கடையில் வாங்கிய ஓட்டப் பொம்மை ஒன்று பளபளப்பாகப் பாய்ந்துகொண்டிருந்தது. குழந்தைகள் அதையும் பார்த்தார்கள். ஆனால் நின்று கேள்வி கேட்டவர்கள் நொண்டியிடம்தான் கேட்டார்கள்: அந்தக் கால் ஏன் மடங்கியிருக்கிறது, பாட்டரி ஏன் ஓரமாக இருக்கிறது என்று. பதில் சொல்லும் பொறுப்பைப் பேத்தி பாதி நேரம் தாத்தாவிடம் விட்டிருந்தாள். அவர் சட்டைப்பையில் அடி அளவுகோல் இருந்ததைக் கண்டோம். தாயார் சற்றுத் தள்ளி நின்று, இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை கடைக்காரர் உடைந்த மோட்டாரைத் திறந்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்துக் காட்டினார். இரண்டாம் சக்கரத்தில் மூன்று பற்கள் இல்லை. ஐந்து காலால் நடந்த கதையைக் கேட்டதும், பாட்டரியை எவ்வளவு தள்ளினீர்கள் என்று பெரியவரைப் பார்த்துக் கேட்டார். ஒரு தாளில் குறித்தும் கொண்டார். அன்று உலோக மோட்டார்கள் வந்திருந்தன. ஒன்று வாங்கினோம். உதவாத நைலான் சக்கரத்தைப் பெரியவர் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது அறுகாலுக்கு ஆறு காலும் உண்டு. ஐந்து கால் நிரலை அவள் அழிக்கவில்லை. ஒரு சிறு விசையைத் தட்டினால் அது நொண்டி நடைக்கு மாறும். பாட்டரிக்கு இரண்டு இடம் அமைத்து, தள்ளிக் கட்டுவதற்கு ஒரு தண்டவாளம் போன்ற காடியைத் தாத்தா அரத்தால் இழைத்துக் கொடுத்திருக்கிறார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள இரண்டு சென்டிமீட்டர் வாசற்படியை அது ஏறிக் கடக்கிறது. மாடிப்படி ஏறுமா என்பது இப்போதைய வழக்கு. கணைக்காலை நீட்டினால் ஏறும் என்கிறார் தாத்தா. அதற்காக அலுமினியத் தகட்டில் ஒரு கால் வெட்டியும் வைத்துவிட்டார். கால் நீண்டால் முறுக்கும் நீளும், இந்த மோட்டார் தாங்காது, அடுத்த வகை மோட்டார் ஒன்றே 55 கிராம் என்கிறாள் பேத்தி. வாதம் முடியவில்லை. வரும் சனிக்கிழமைக்குச் சீட்டு எழுதியாகிவிட்டது. அதில் மோட்டாரின் பெயருக்கு நேரே எண்ணிக்கை மட்டும் இன்னும் நிரப்பப்படவில்லை.